கேட்டதைச் சொன்னவள்

நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒரே குரலில் சொல்லக்கூடிய மனுஷியை என் வாழ்நாளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவளை வார்டு அக்கா என்றார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கடையில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் முன்னால் போவாள்.

அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டிக் குடியிருந்தோம். எங்கள் தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு கிடையாது. பழைய சேலையைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம். அம்மா நந்தனத்தில் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். நைனா கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போவார். வேலை இருக்கிற நாளில் அவர் முடியில் ஏதாவது அரண்மனையின் தங்கக் கலர் ஒட்டியிருக்கும்.

வார்டு அக்கா வார்டு ஆபீசுக்கு எதிரே பிளாட்பாரத்தில் இட்லி விற்றாள். ஆபீசில் இருக்கிறவர்கள் பலருக்குக் காலை நாஸ்டா அவளிடம்தான். சாம்பார் ஊற்றும்போதே பேச்சு கொடுப்பாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, நீ கண்ணால் பார்த்தாயா, காதால் கேட்டாயா என்று துருவித் துருவிக் கேட்பாள். அவர்களும் அலுத்துக்கொண்டே சொல்வார்கள். மத்தியானம் காலி குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் வருவாள். கத்த மாட்டாள். நாலைந்து வீட்டுக்கு ஒரு தரம் நின்று, சேலைத் திரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போவாள்.

"வெள்ளிக்கெழம கண்ணு டெஸ்ட் கேம்பு. ஸ்கூல்ல. ஆதார் எடுத்துகினு போ."

"கக்கூஸ் பக்கம் பள்ளம் தோண்டறாங்க. மூடறதுக்கு ஒரு வாரம் ஆவும். புள்ளிங்கள வுடாதீங்க."

உள்ளேயிருந்து யாராவது கேட்பார்கள்: "நெசமாவா யக்கா?"

"பாத்ததுன்னா பாத்ததுன்னு சொல்லுவேன். கேட்டதுன்னா கேட்டதுன்னு சொல்லுவேன். நம்ம உப்ப அதுல போடறதில்ல."

கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டுவிட்டு, அது கிடைக்காமலே செத்துவிடுவோம் என்று முடிவு கட்டி உட்கார்ந்திருந்தவர். ஒருநாள் அக்கா அவர் வாசலில் நின்று, "உனுக்குப் பென்ஷன் பாஸ் ஆயிடுச்சு. திங்கக்கெழம ஆபீஸ் வரச் சொன்னாங்க," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பெரியவர் வெளியே ஓடி வந்தார். "யம்மாடி, அத்தக் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியோட இன்னொரு தபா சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அக்கா நின்று, திரும்பி, அதே முகத்தோடு அதே வார்த்தைகளை இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் குரல் சிலருக்குப் பிடிக்காது. அம்மாவுக்குப் பிடிக்காது. "ஒடம்புல ரத்தம் ஓடுதா, சாம்பார் ஓடுதா தெர்ல," என்பாள்.

அம்மா அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மத்தியானம் அக்கா வழக்கம்போல எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கெழம கொசு மருந்து அடிக்க வர்றாங்க. சோத்துப் பானைய மூடி வெச்சிக்கோங்க. நாளிக்கு நாஸ்டா கெடையாது. எங்க வூட்டுக்காரு செத்துட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து சாய்ந்தரம் பாடி குடுப்பாங்க."

அம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னாடி சொல்ற?" என்று அவள் கையைப் பிடித்தாள். அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். சொம்பில் கொடுத்தோம். முழுச் சொம்பையும் நின்றபடியே குடித்தாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்க் கொசு மருந்திலிருந்து ஆரம்பித்தாள். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் எல்லோரும் அவள் வீட்டில் அழுதார்கள். அவள் வந்தவர்களுக்கு உட்கார இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பிடிக்காதவர்களும் அவளை நம்பினார்கள். மழைக்காலத்தில் அது நன்றாகத் தெரியும். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று எவனாவது ஒருத்தன் செல்போனில் எதையாவது காட்டிவிட்டால் போதும். தெரு முழுக்க மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் அழும். அக்கா யாரோடும் பேசாமல் கொட்டுகிற மழையில் பாலம் வரைக்கும் நடந்து போவாள். திரும்பி வந்து, "தண்ணி கீது. ஏறல. நான் பாத்துட்டு வர்றேன்," என்பாள். மூட்டைகள் அவிழும். ஒரு வருஷம் அதே மாதிரி போனவள் திரும்பி வந்து, "ஏறுது. கெளம்புங்க," என்றாள். அவ்வளவுதான். யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து மாடியில் போய் உட்கார்ந்தோம். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு ஆறு வந்துவிட்டது. எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. பக்கத்துத் தெருவில் செத்தார்கள்.

இப்போது நாங்கள் இருக்கிற பிளாக்குக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கிறது. காலையில் கண் விழித்தால் லிப்ட் இன்று சரியாகும், குப்பை வண்டி இனிமேல் தினமும் வரும், மினி பஸ் விடப் போகிறார்கள், உடனே எல்லோருக்கும் பகிரவும் என்று வரிசையாக வந்திருக்கும். கீழே கும்பிடுகிற கைகளாகப் போட்டிருப்பார்கள். எது யார் பார்த்தது, எது யார் கேட்டது என்று ஒன்றிலும் இருக்காது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வந்துவிடுகிறது. வந்ததும் மனசு கனத்துப் போகிறது.

நான் பிளஸ் டூ படித்த வருஷம், ஆற்றங்கரை வீடுகளை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. முதலில் சுவர்களில் நம்பர் எழுதினார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஊருக்கு வெளியே, பழைய மகாபலிபுரம் ரோட்டைத் தாண்டி உள்ளே, மாடி வீடு தருவார்கள் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவே அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அவள் வாரக்கணக்கில் ஒரே பதிலைச் சொன்னாள்: "தெர்ல. தெரிஞ்சா சொல்றேன்."

எங்கள் பயம் பரீட்சையைப் பற்றியது. என் அத்தை வீடு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. இடிக்கிற மாதிரி இருந்தால் புத்தகங்களோடு என்னை அங்கே அனுப்பிவிடலாம், பரீட்சை முடிகிற வரைக்கும் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகட்டும் என்று நைனா சொன்னார். ஆனால் அத்தை வீட்டில் ஏற்கெனவே ஆள் அதிகம். மாமா சிடுசிடுப்பவர். தேவையில்லாமல் போய் ஏன் நிற்பது என்று அம்மா யோசித்தாள். நிச்சயமாகத் தெரிந்தால் போகலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் பரீட்சைக்கு முந்தின வாரம், வெயில் சாய்கிற நேரம், நான் வாசலில் உட்கார்ந்து கணக்குப்பதிவியல் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். வழக்கம்போலத் திரையைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்தாள். குண்டானை இறக்கிக் கீழே வைத்தாள். அவள் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"பரீட்சைலாம் முடிஞ்சப்பறம்தான் பாப்பா. அது வரிக்கும் ஒர்த்தரும் வர மாட்டாங்க. நீ படி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் தலையில் கை வைத்தாள். கையில் சாம்பார் பொடி வாசனை.

அம்மா உள்ளேயிருந்து, "நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அதான் சொல்றன்ல," என்றாள் அக்கா.

பார்த்தேன் என்று சொல்லவில்லை. கேட்டேன் என்றும் சொல்லவில்லை. அது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. அவள் சிரித்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நைனா அன்று ராத்திரி மீன் வாங்கி வந்தார். அத்தை வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்துப் புழங்க ஆரம்பித்தார்கள்.

வணிகவியல் பரீட்சை அன்று பொக்லைன் வந்தது.

நான் பரீட்சை எழுதிவிட்டு யூனிபார்மோடு வந்தேன். வினாத்தாள் சுலபம். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக நடந்தேன். தெருமுனையில் போலீஸ் நின்றது. எங்கள் வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அம்மா நந்தனத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். கையில் பாத்திரம் தேய்த்த சோப்பு கூடக் காயவில்லை. நாங்கள் மூன்று பேரும் வெளியே போயிருந்ததால் சாமான்களை எடுத்து வைக்க ஆள் இல்லை. டிவி, தையல் மெஷின், அரிசி டிரம், என் புத்தகங்கள் எல்லாம் செங்கல்லுக்கு அடியில் கிடந்தன. நைனா கையால் செங்கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். "கணக்கு புக்கு எங்க வெச்ச? எந்த மூல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு மூலை எது என்றே தெரியவில்லை.

எங்கள் வரிசையில் ஒரு மீன்காரம்மா இருந்தாள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், வாய்க்குப் பயப்படாதவள். அவள்தான் அக்காவை முதலில் பிடித்தாள். "இன்னாமே, பரீட்ச முடிஞ்சப்பறம்னு சொன்னியே! ஆபீஸ்காரனுங்கொ கைல எவ்ளோ வாங்கித் துன்ன? எங்களத் தூங்க வெச்சிட்டு வழி காட்டிக் குட்த்துட்டியே!" என்று கத்தினாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என் நைனா, யாரையும் கை நீட்டிப் பேசாதவர், அக்காவின் காலடியில் துப்பினார். அவள் தன் குண்டான்களுக்கு நடுவே நின்றாள். அவள் வீடும்தான் இடிந்து கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் லாரியில் ஏற்றினார்கள். புது இடத்தில் போய் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது.

கணக்குப்பதிவியல் பரீட்சையன்று விடியும் முன்பே நானும் நைனாவும் கிளம்பினோம். அங்கே பஸ் எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. நின்று நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து, இறங்கி, இன்னொன்று பிடித்துப் போனோம். பள்ளிக்கூட கேட் சாத்தியிருந்தது. நைனா வாட்ச்மேனின் கையைப் பிடித்துக் கும்பிட்டார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்த வாட்ச்மேன் எங்களைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பிற்பாடு துணைத் தேர்வு எழுதிப் பாஸ் செய்தேன். அதற்குள் காலேஜ் அட்மிஷன் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடச் சேர்ந்தேன். இன்னும் பில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

புது இடத்தில் எல்லா வீட்டுக்கும் இரும்புக் கதவு இருந்தது. எங்களுக்கு ஆறாவது மாடி. எதிர் வீடு குலுக்கலில் மீன்காரம்மாவுக்கு விழுந்தது. அக்காவுக்கு நாலாவது மாடி. அவள் கீழே இருக்கிற பராமரிப்பு ஆபீஸ் வாசலில் இட்லி போட ஆரம்பித்தாள். குடியிருக்கிறவர்கள் யாரும் வாங்கவில்லை. ஆபீஸ்காரர்களும் வாட்ச்மேன்களும் வாங்கினார்கள். அதைப் பார்த்து ஜனங்களுக்கு இன்னும் எரிந்தது.

ஆனாலும் அவள் சேதி சொல்வதை நிறுத்தவில்லை. லிப்ட் ஓடாது. குண்டானை முதல் மாடியில் வைத்துவிட்டு மாடி மாடியாக ஏறி வருவாள். "நாளிக்கு ரேஷன் வண்டி," என்பாள். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். அந்த இரும்புச் சத்தம் காரிடார் முழுக்க ஓடும். அவள் சாத்தின கதவுகளுக்கு நடுவே நின்று சொல்லிவிட்டு இறங்கிப் போவாள்.

ஒரு சாயங்காலம் கடை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சைதாப்பேட்டையில் அக்கா ஏறினாள், உளுந்துப் பையோடு. என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். அவள் கை விரல்களில் வெந்த காயங்கள் இருந்தன.

"யக்கா, ஒண்ணு கேப்பேன். அன்னிக்கி உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும்."

நான் கேட்டிருக்கவே கூடாது என்று நினைத்தேன்.

"பரீட்ச நடக்கறப்பதான்னு சொன்னாங்கொ. எந்த நாளுன்னு சொல்லல. பசங்களுக்குப் பரீட்சை சார், தள்ளிப் போடுங்கன்னு கேட்டேன். நாலஞ்சி பேர்ட்ட கேட்டேன். பாக்கலாம்மான்னாங்க."

"அத்த எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீ வாசல்ல குந்திகினு எழுதிகினு இருந்த. தலையே நிமிரல. இத்தச் சொன்னா இந்தப் பொண்ணு புக்க மூடிடும்னு தோணிச்சி. பாக்கலாம்னு சொன்னாங்க, பாப்பாங்கன்னு எட்துகினேன்." உளுந்துப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நீ உங்க அத்தை வூட்டுக்குப் போயிருப்ப. அது எனக்கு அப்பாலதான் தெரிஞ்சிது."

மன்னித்துக்கொள் என்று அவள் கேட்கவில்லை. அழவும் இல்லை. கொசு மருந்து அடிக்க வருகிறார்கள் என்று சொன்ன அதே குரல். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் மடியில் படுத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் என் நிறுத்தம் வந்ததும் எழுந்து இறங்கினேன். அவளுக்கும் அதே நிறுத்தம்தான். உளுந்துப் பையோடு எனக்குப் பின்னால் மெதுவாக வந்தாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் காசு வாங்கவில்லை, நமக்காகத்தான் மறைத்தாள் என்று தெரிந்தால் அம்மா இறங்கி வருவாள் என்று நினைத்தேன். அம்மாவின் முகம் இன்னும் இறுகியது.

"காசு வாங்கினு செஞ்சான்னு இருந்தாக்கூட உட்டுருப்பேன். நம்ம மேல பாவப்பட்டு மறைச்சாளாமா? எம் பொண்ணு என்னா தாங்குவா, தாங்க மாட்டான்னு முடிவு பண்ண இவ யாருடி? நல்லதோ கெட்டதோ நம்ம கைல குடுத்திருக்கணும். நான் பாத்துகினு இருப்பேன்ல."

அதற்குப் பிறகு அக்காவின் காலடிச் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்கு முன்னால் அம்மா கதவைச் சாத்தினாள்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அக்கா வழக்கமாகத் தட்ட மாட்டாள். நான் எழுந்தேன். அம்மா உதட்டில் விரலை வைத்து என்னை உட்காரச் சொன்னாள். வெளியே மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு குரல் வந்தது.

"புதன்கெழம காலைல செக்கிங் வர்றாங்க. வூடு பூட்டிக் கெடந்தா, வாடகைக்கு வுட்டுட்டு ஓடிட்டாங்கன்னு எய்திகினு சீல் வெச்சிடுவாங்க. ரேஷன் கார்டோட ஒர்த்தர் உள்ள இருக்கணும். இது கேட்டது. நான் பாக்கல."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மறுபடியும் முதலிலிருந்து முழுவதையும் சொன்னாள். பிறகு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மீன்காரம்மா உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அக்கா அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள். அவள் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வாட்ஸாப் குரூப்பில் அப்படி ஒரு தகவலும் இல்லை. யாரோ ஒருவர், அந்தம்மா ஏதோ கிளப்பி விடுகிறது, நம்ப வேண்டாம் என்று போட்டார். கீழே கும்பிடு கைகள்.

புதன்கிழமை நைனா விடியும் முன்பே செட்டு வேலைக்குப் போய்விட்டார். காலையில் அம்மாவும் வேலைக்குக் கிளம்பினாள். பையை மாட்டிக்கொண்டு ஆறு மாடியும் இறங்கிப் போனாள். நானும் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். ரேஷன் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள்.

நான் கிளம்புவதற்குள் செக்கிங்காரர்கள் வந்தார்கள். அம்மா கார்டைக் காட்டினாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எதிர் வீடு பூட்டியிருந்தது. மீன்காரம்மா விடியற்காலையிலேயே மார்க்கெட் போய்விட்டாள். அம்மா, "ஐயா, மீனு விக்கப் போயிருக்கு, சாய்ந்தரம் வந்துடும், நெசமா இங்கதான் கீது," என்று கெஞ்சிப் பார்த்தாள். பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றினார்கள்.

நான் கடையிலிருந்து வந்தபோது மீன்காரம்மா கூடையோடு காரிடாரில் உட்கார்ந்திருந்தாள். கூடையில் விற்காத மீன் கொஞ்சம் இருந்தது. சுற்றிலும் அந்த வாடை. "யாருமே சொல்லலியே, ஒர்த்தர் கூட சொல்லலியே," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னா," என்றாள் அம்மா. "உன் கதவுக்கு முன்னாடியும் நின்னு சொன்னா."

மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அவ சொன்னா எப்டிம்மா நம்புவேன்?" என்றாள். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நாலாவது மாடிக்கு இறங்கினாள். அக்கா தன் வீட்டு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பூட்டிலும் அரக்கு இருந்தது.

அம்மா பூட்டைப் பார்த்தாள். பிறகு, "உனுக்குத் தெரியுமில்ல? நீ ஏண்டி வூட்ல இல்ல?" என்று கேட்டாள்.

"காலைலயே பெரிய ஆபீஸ் போயிருந்தேன். எவ்ளோ பேரு கதவே தொறக்கல. இன்னொரு நாளு குடுங்க சார், ஜனங்க நம்பலன்னு கேக்கலாம்னு போனேன். கூட்டம். உள்ள வுடறதுக்கே மத்தியானம் ஆயிடுச்சி."

"இன்னா சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க."

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஏதோ ஒரு குழந்தை கரியால் வீடு வரைந்து வைத்திருந்தது.

"எந்திரி. எங்க வூட்டுக்கு வா. மேல வந்து படு," என்றாள் அம்மா.

"வேணாம்."

"கோவமா எம்மேல?"

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை என்று எடுத்துக்கொண்டோம். பிறகு, "பம்பு ரிப்பேர். நாளிக்குக் காலைல தண்ணி வராது. நான் பாத்தேன், பம்பக் கழட்டிப் போட்டுகிறாங்க. புடிச்சி வெச்சிக்கோ," என்றாள்.

அம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மேலே வந்தாள். வீட்டில் இருந்த குடம், பக்கெட், அண்டா, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாள். மீன்காரம்மாவை உள்ளே வரச் சொல்லி, முகம் கழுவ வைத்து, எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தாள்.

காலையில் குழாய் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆறாவது மாடியிலேயே தண்ணீர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அம்மா இரும்புக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சொம்பால் மொண்டு ஊற்றினாள். நடுவில் என்னைக் கூப்பிட்டு, "ஒரு கொடம் நாலாவது மாடிக்கு எடுத்துகினு போ," என்றாள். நான் போனேன். அரக்கு வைத்த பூட்டு இருந்தது. அக்காவும் இல்லை, முதல் மாடியில் அவள் வைக்கிற குண்டானும் இல்லை. ஆபீஸ் வாசலில் அடுப்பு வைத்த இடம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. முதல் பஸ்ஸில் ஏறினாள் என்றார் வாட்ச்மேன். எந்தப் பக்கத்துப் பஸ் என்று அவர் கவனிக்கவில்லை.

குடத்தோடு திரும்பி மேலே வந்தேன். கடைசி வீட்டுப் பெண் பக்கெட்டை நீட்டிக்கொண்டு அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உனுக்கு மட்டும் எப்டி யக்கா தெரிஞ்சிது?"

"அவ சொன்னா," என்றாள் அம்மா.

யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நிரம்பிய பக்கெட்டைத் தூக்காமல் நின்றாள்.

"இப்ப எங்க கீது அது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குடத்தை இறக்கி வைத்தேன்.